டாக்ஸ் ஒன்று சொல்கிறது, நிரல் வேறொன்று செய்கிறது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் எஸ்டிகேவின் (மற்ற நிரலாளர்கள் தங்கள் ஆப்பில் சேர்த்துக்கொள்ளும் கருவித்தொகுப்பு) 3.0 வெளியாகி இரண்டு மாதம் ஆகிறது. டாக்ஸில், அதாவது அதை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் பக்கங்களில், குயிக்ஸ்டார்ட் பக்கத்தின் முதல் உதாரணமே ஓடவில்லை என்று வாடிக்கையாளர் ஒருவர் எழுதிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. ரிலீஸுக்கு முன் செக்லிஸ்ட் வைத்துப் பார்க்கிறோம், அப்படியும் நழுவிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்த செக்லிஸ்டில் எப்படி டிக் விழும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் ரிலீஸ் நாள் இரவில் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் 'டாக்ஸ் சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் அடித்த ஆள் நான். திறந்து பார்த்திருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. உதாரண நிரலைப் படிக்கிற கண் எழுத்துப்பிழையைப் பிடிக்கும், போன மாதம் பெயர் மாறிய மெத்தடைப் பிடிக்காது. அதனால் படித்துப் பார்ப்பதை நம்பாமல் ஓட்டிப் பாருங்கள். டாக்ஸில் இருக்கும் ஒவ்வொரு உதாரணமும் பில்டில், அதாவது நிரலைத் தொகுத்து வெளியீட்டுக்குத் தயார் செய்யும் தானியங்கி ஓட்டத்தில், ஓட வேண்டும், ஒன்று உடைந்தாலும் பில்ட் நிற்க வேண்டும்.

இது புது யோசனை இல்லை. பைதானில் டாக்டெஸ்ட் 2001இல், 2.1 வெர்ஷனோடு வந்தது; விளக்கக் குறிப்புக்குள் எழுதிய உதாரணத்தை ஓட்டி, அதன் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விடையோடு ஒப்பிடும். ரஸ்டில் கார்கோ டெஸ்ட் கொடுத்தாலே நூலகத்தின் டாக்ஸ் உதாரணங்களும் சேர்ந்து ஓடிவிடும். கோ மொழியில் 'எக்ஸாம்பிள்' என்று தொடங்கும் ஃபங்ஷனை டெஸ்ட் ஃபைலில் எழுதி, முடிவில் அவுட்புட் கமென்ட் போட்டால், அதே துண்டு டெஸ்டாகவும் ஓடும், டாக்ஸிலும் தெரியும். ஜாவா இதில் ரொம்ப லேட், 2022இல் வந்த ஜாவா 18இல்தான், உதாரணத்தை வெளி ஃபைலில் வைத்து டாக்ஸுக்குள் இழுக்க உதவும் ஸ்னிப்பெட் டேக் சேர்ந்தது. உங்கள் மொழியில் இப்படி எதுவும் இல்லையென்றால், உதாரணங்களைத் தனி ஃபோல்டரில் உண்மையான நிரலாகவே வைத்து, டாக்ஸ் பில்ட் ஆகும்போது அங்கிருந்து இழுத்துக்கொள்ளுங்கள். மார்க்டவுனில் கையால் ஒட்டிய நிரல் என்றைக்காவது ஒருநாள் பொய்யாகிவிடும்.

சர்வரை அழைக்கும் உதாரணத்தை எப்படி ஓட்டுவது என்று கேட்பீர்கள். ரஸ்டில் 'நோ ரன்' என்று குறித்தால் கம்பைல் மட்டும் ஆகும், பெயர் மாற்றங்களைப் பிடிக்க அதுவே போதும். பக்கத்திலேயே 'இக்னோர்' என்று இன்னொரு குறி இருக்கிறது, அது உதாரணத்தைக் கம்பைல்கூடச் செய்யாமல் விட்டுவிடும், அதன் பக்கம் போகாதீர்கள். அவசரத்துக்குப் போட்டதை எடுக்க யாரும் திரும்பி வருவதில்லை.

அப்புறம், ரிப்போவில் இருக்கும் சோர்ஸின்மேல் ஓட்டாமல், வெளியிடப் போகும் பேக்கேஜைக் காலியான ஒரு சூழலில் நிறுவி அதன்மேல் ஓட்டுங்கள். பேக்கேஜில் ஒரு ஃபைல் விடுபட்டிருந்தால் அப்போதுதான் தெரியும். இன்ஸ்டால் வரியில் வரும் வெர்ஷன் எண்ணையும் கையால் எழுதாதீர்கள்.

கேள்வி: ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனித்தனி டாக்ஸ் வைப்பதா, ஒரே பக்கத்தில் 'இது 2.3 முதல்' என்று குறிப்பதா? டீமில் இதற்கே சண்டை.

பதில்: உங்கள் பயனர் ஒரு வெர்ஷனில் உட்கார்ந்திருப்பவரா, ஒரே நிரலைப் பல வெர்ஷன்களில் ஓட்ட வேண்டியவரா என்று முதலில் பாருங்கள். ஆண்ட்ராய்டு ஆப் எழுதுபவரின் நிரல் பழைய போனிலும் ஓட வேண்டும், புதுப் போனிலும் ஓட வேண்டும். அதனால் அங்கே ஒரே பக்கம்தான், ஒவ்வொரு மெத்தடின் அருகிலும் அது எந்த ஏபிஐ லெவலில் (ஆண்ட்ராய்டு வெர்ஷனைக் குறிக்கும் எண்) சேர்ந்தது என்று போட்டிருக்கும். பேக்கேஜ் எண்ணைப் பூட்டி வைத்து வேலை செய்பவருக்கோ அவருடைய வெர்ஷனின் பக்கம் போதும், மற்றதெல்லாம் இரைச்சல். பைதான் இரண்டையும் செய்கிறது, அவர்களுக்கு ஆள்பலம் இருக்கிறது.

தனித்தனிப் பிரதி வைத்தால் ஒரு தொல்லை உண்டு. டாக்யுசாரஸ் போன்ற கருவியில் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ஃபோல்டரே நகலாகும், அப்படி ஏழு பிரதி சேர்ந்த பிறகு ஒரு தப்பான வாக்கியத்தைத் திருத்த ஏழு இடத்தில் கை வைக்க வேண்டும். எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வையுங்கள். குபர்நெட்டீஸ் என்ற மென்பொருளின் டாக்ஸ் தளத்தில் நடப்பு வெர்ஷனும் அதற்கு முந்தைய நான்கும் மட்டும் இருக்கும்.

கேள்வி: தேடினால் எங்கள் 1.4 பக்கம்தான் முதலில் வருகிறது. பழைய டாக்ஸை அழித்துவிடலாமா?

பதில்: அழிக்க வேண்டாம். 1.4ஐ மாற்ற முடியாமல் வைத்திருப்பவருக்கு வேறு கதி இல்லை. பழைய பக்கத்தின் தலையில் கேனானிகல் இணைப்பை (எது முதன்மைப் பக்கம் என்று தேடுபொறிக்குச் சொல்வது) புதுப் பக்கத்துக்குக் கொடுங்கள், மேலே கண்ணில் படும்படி ஒரு பட்டை போடுங்கள். பைதானின் வலைத்தள ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவின் பழைய பக்கங்களில் இது பாதுகாப்பற்ற, ஆதரவு நின்றுபோன வெர்ஷன் என்று பட்டென்று எழுதியிருக்கும், அந்த அளவு வெளிப்படையாகச் சொன்னால்தான் வேலைக்கு ஆகும். பட்டையிலிருந்து போகும் லிங்க் அதே தலைப்பின் புதுப் பக்கத்துக்குப் போகட்டும், முகப்புக்குக் கொண்டுபோய் விட்டால் வந்தவர் பட்டையை மூடிவிட்டுப் பழையதையே படிப்பார்.

டாக்ஸை ரீட் த டாக்ஸ் என்ற ஹோஸ்டிங் தளத்தில் வைத்திருக்கிறீர்களா? அங்கே 'லேட்டஸ்ட்' என்பது பொதுவாக மெயின் பிராஞ்ச், இன்னும் வெளியாகாத சமாசாரமும் அதில் இருக்கும். கடைசியாக வெளியானது 'ஸ்டேபிள்'.

கேள்வி: சேஞ்ச்லாக் (வெர்ஷன்தோறும் என்ன மாறியது என்ற பட்டியல்) ஒழுங்காக எழுதினால் போதாதா?

பதில்: போதாது. இன்று புதிதாக வருபவர் நேற்று என்ன மாறியது என்று ஏன் படிக்க வேண்டும்?

கேள்வி: ஒரு மெத்தடை 'டெப்ரிகேட்', அதாவது இனி பயன்படுத்த வேண்டாம், என்று குறித்துவிட்டோம், இரண்டு வருடமாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

பதில்: ஜாவாவில் த்ரெட்டை நிறுத்தும் ஸ்டாப் மெத்தட் 1998இல், ஜாவா 1.2இலேயே டெப்ரிகேட் ஆனது; அழைத்தால் எக்ஸெப்ஷன் வரத் தொடங்கியது 2023இல், ஜாவா 20இல். கால் நூற்றாண்டு! இதைப் பார்த்தபின் அந்தச் சொல்லுக்கு யார் அசைவார்கள்? எந்த வெர்ஷனில் போகும், பதிலுக்கு எதை அழைப்பது, இரண்டையும் அந்த வரியிலேயே எழுதுங்கள். பைதானில் பேக்கேஜ் செய்ய உதவிய டிஸ்ட்யுடில்ஸ் நூலகத்தை 3.10இல் அப்படிக் குறித்தபோது 3.12இல் எடுப்போம் என்றார்கள், சொன்னபடி எடுத்தார்கள். வசவு விழுந்தது, ஆனால் எல்லோரும் நகர்ந்தார்கள்.

கேள்வி: ரெஃபரன்ஸ் (ஒவ்வொரு மெத்தடின் விவரமும் இருக்கும் டாக்ஸ் பகுதி) முழுவதும் நிரலிலிருந்தே தானாக ஜெனரேட் ஆகிறது. இதில் எப்படித் தப்பு வரும்?

பதில்: மெத்தடின் பெயர் சரியாக இருக்கும், பாராமீட்டர் சரியாக இருக்கும். மேலே மனிதர் எழுதிய அந்த ஒரு வாக்கியம்தான் தப்பாகும். நான் ஒருமுறை வேலை செய்த எஸ்டிகேயில் டைம்அவுட் 0 என்றால் 'எவ்வளவு நேரமானாலும் காத்திரு' என்று பொருள். உள்ளே இருந்த நெட்வொர்க் நூலகத்தை மாற்றினோம், அதற்கு 0 என்றால் 'காத்திருக்கவே வேண்டாம்'. பெயரோ டைப்போ மாறவில்லை, அதனால் எல்லா டெஸ்டும் பச்சை, டாக்ஸும் பளபளவென்று புதிதாக ஜெனரேட் ஆகி, பழைய பொருளையே சொல்லிக்கொண்டு நின்றது. சரி, யார் மேல் தப்பு? அந்த மாற்றத்தை ரெவ்யூ செய்தவர்களில் நானும் ஒருவன்.

அதற்குப் பிறகு, டீஃபால்ட் மதிப்பு, எல்லை மதிப்பு, எந்த எக்ஸெப்ஷன் வரும் என்பது போல டாக்ஸ் எதையெல்லாம் வாக்குறுதியாகச் சொல்கிறதோ, அதற்கெல்லாம் ஒரு டெஸ்ட் எழுதி, டெஸ்டின் கமென்டில் அந்த வாக்கியத்தையே ஒட்டினோம். டெஸ்ட் உடைந்தால் திருத்த வருபவர் கண்முன்னே வாக்கியம் நிற்கும். டெஸ்டை மாற்றுபவர் வாக்கியத்தையும் 'இந்த வெர்ஷனில் மாறியது' என்ற குறிப்போடு மாற்றினால்தான் மெர்ஜ், அதாவது அந்த மாற்றம் முதன்மை நிரலில் சேரும். முதல் மாதம் எல்லோரும் முணுமுணுத்தார்கள், நானும்தான்.