டெக்ஸா ஸ்கேன், சோலெட்ரானிக் ஆசிட், பிரண்டை: மார்பகப் புற்றும் எலும்பும் – கேள்வி பதில்

கே: மார்பகப் புற்று ஏன் எலும்பையே தேடிப் போகிறது?

ப: 1889-லேயே இதைக் கேட்டவர் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட். மார்பகப் புற்றில் இறந்த 735 பேரின் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். எலும்பு சும்மா கிடக்கும் கல் இல்லை. ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் கரைக்க, ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் கட்ட, ஆயுசு முழுக்க மராமத்து நடக்கிறது. அங்கே குடியேறும் புற்றுச்செல், கரைக்கும் கூட்டத்தைக் கிளப்பிவிடும். எலும்பு கரையும்போது உள்ளே பூட்டிக்கிடந்த வளர்ச்சிக் காரணிகள் வெளியே வரும். அவற்றால் புற்று கொழுக்கும், கொழுத்தது இன்னும் கரைக்க வைக்கும்.

கே: எனக்கு 56 வயது, ஒரு வருடமாக மார்பகப் புற்றுக்கு லெட்ரோசோல் மாத்திரை. டெக்ஸா ஸ்கேனில் டி ஸ்கோர் மைனஸ் 2.7. பரவிவிட்டதா?

ப: அந்த ஸ்கேன் எலும்பின் அடர்த்தியை அளக்கத்தான், பரவலைப் பார்க்க எடுப்பதே இல்லைங்க. டி ஸ்கோர் அந்த அடர்த்தியின் மதிப்பெண்; மைனஸ் 2.5-க்குக் கீழே போனால் எலும்பு மெலிவு நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்), அவ்வளவுதான். லெட்ரோசோல், எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை அடிமட்டத்துக்கு இறக்குவதால் எலும்பு மெலியும். பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எலும்பு கரைவதைக் குறைக்கும் சோலெட்ரானிக் ஆசிட் ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

கே: பரவாதவருக்கும் அந்த ஊசியா?

ப: மாதவிடாய் நின்றவர் என்றால் கேட்டுப்பார்க்கலாம். இந்த ஊசியும் சேர்ந்த பிஸ்பாஸ்போனேட் வகை எலும்பு மருந்துகளைப் பற்றி, 18,766 பெண்கள் பங்கேற்ற 26 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். மாதவிடாய் நின்றவர்களிடம் பத்தாண்டில் எலும்பில் புற்று திரும்பியது 8.8 சதவீதத்திலிருந்து 6.6 ஆனது. மற்றவர்களிடம் பலன் தெரியவில்லை. சின்ன எண்தான், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு டிரிப் என்றால் என் கணக்கில் அது லாபம்.

கே: பல் பிடுங்க வேண்டும், ஊசியும் போட வேண்டும். எது முதலில்?

ப: பல். ஊசிக்குப் பிறகு பிடுங்கினால், அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் போகும்.

கே: ராகி, பிரண்டை சாப்பிட்டால் பரவாதா?

ப: ராகியில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். எலும்புக்கு நல்லது, புற்றைத் தடுக்காது. பிரண்டைத் துவையலை ருசிக்குச் சாப்பிடுங்கள்.

கே: முதுகு வலித்தாலே பயமாக இருக்கிறது.

ப: பெரும்பாலும் சாதா வலிதான். படுத்தாலும் குறையாமல், ராத்திரியில் கூடி, வாரக்கணக்கில் இழுத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதோடு கால் மரத்துப்போனால், தளர்ந்தால், சிறுநீர் கட்டுப்பாடு போனால் தண்டுவடம் நசுங்குகிறதோ என்று பார்க்க வேண்டும். அடுத்த செக்கப் வரை இருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.