ஜெல்லில் ஒரே பட்டை, சிடியில் இரைச்சல்

வணக்கம். கடலூரில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஹிஸ்டிடின் வால் (நிக்கலில் ஒட்டும் அமினோ அமிலத் தொடர்) சேர்த்த நொதியை நிக்கல் ரெசினில் பிடித்து, அதைக் கழற்றிவிடும் 250 மில்லிமோலார் இமிடசோலில் இறக்கினேன். ஜெல்லில் ஒரே பட்டை. ஆல்ஃபாஃபோல்டு (புரத வடிவத்தைக் கணிக்கும் மென்பொருள்) மாதிரிக்கு ராமச்சந்திரன் வரைபடமும் (புரதச் சங்கிலியின் கோணங்கள் சாத்தியமானவையா என்று காட்டுவது) சுத்தமாக வருகிறது. ஆனால் புதுச்சேரிக்குக் கொண்டுபோய் சிடி (சர்குலர் டைக்ரோயிசம், புரத மடிப்பை ஒளியால் பார்க்கும் சோதனை) எடுத்தால் 225 நானோமீட்டருக்குக் கீழே வெறும் இரைச்சல். மில்லிகிராமுக்கு வரவேண்டிய ஆக்டிவிட்டியும் பாதிதான். புரதம் அவிழ்ந்துவிட்டதா?

— ஆய்வு மாணவி, கடலூர்

அன்புள்ள மாணவிக்கு,

இமிடசோலைத்தான் முதலில் சந்தேகிப்பேன், புரதத்தை அல்ல.

ஒரே பட்டை என்பது தூய்மைக்குச் சாட்சி, மடிப்புக்கு அல்ல. எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருளைப் போட்டுப் புரதத்தை நாமே அவிழ்த்த பிறகுதானே ஜெல்லில் ஓட்டுகிறோம்! ராமச்சந்திரன் வரைபடமும் (1963, சென்னை, நம் ஊர்ச் சொத்துதான்) கணினி மாதிரியைப் பற்றிப் பேசுமே தவிர, உங்கள் குழாயில் இருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இமிடசோல் 207 நானோமீட்டர் பக்கம் ஒளியை அப்படியே விழுங்கும். ஆல்ஃபா ஹெலிக்ஸின் (புரதத்தின் சுருள் பகுதி) 208, 222 பள்ளங்கள் அதற்குள் மூழ்கிவிடும். சிடி கோப்பில் ஹெச்டி வோல்டேஜ் (ஒளியுணரிக்குப் போகும் மின்னழுத்தம்; ஒளி குறைந்தால் ஏறும்) வரியைப் பாருங்கள். 600–700 வோல்ட்டைத் தாண்டிய இடம் எல்லாம் குப்பை.

பாதி ஆக்டிவிட்டிக்கும் அதே ஆள் காரணமாக இருக்கலாம். மலிவான இமிடசோலில் உள்ள அசுத்தம், புரதத்தை அளக்கும் 280 நானோமீட்டரிலும் உறிஞ்சும். பிளாங்காக (ஒப்பிடுவதற்கான புரதமில்லாத திரவம்) தண்ணீரை வைத்திருந்தால் புரத அளவு கூடுதலாகத் தெரியும், வகுத்தால் ஆக்டிவிட்டி குறையும். பிராட்ஃபோர்டில் (சாயத்தால் புரதத்தை அளக்கும் முறை) ஒருமுறை அளந்து ஒப்பிடுங்கள்.

இனி டயாலிசிஸ்: சவ்வுப் பையில் வைத்து இமிடசோலை வெளியேற்றுவது. உப்பையும் இமிடசோலையும் ஒரேயடியாக எடுத்தால் பல புரதங்கள் பைக்குள்ளேயே வெள்ளையாகப் படிந்துவிடும். 2 மில்லி மாதிரியை முதலில் 20 மில்லிமோலார் பாஸ்பேட், 300 மில்லிமோலார் உப்பு கொண்ட 1 லிட்டர் பஃபரில் 4 மணி நேரம் வையுங்கள். இமிடசோல் 0.5 மில்லிமோலாருக்கு இறங்கும். பிறகு 10 மில்லிமோலார் பாஸ்பேட், 100 மில்லிமோலார் சோடியம் ஃபுளோரைடு, அதுவும் 1 லிட்டர், இரவு முழுக்க 4 டிகிரியில். இமிடசோல் 1 மைக்ரோமோலாருக்கு வந்துவிடும். உப்புக்குப் பதில் ஃபுளோரைடு ஏனென்றால், குளோரைடு 200க்குக் கீழே உறிஞ்சும். ஃபுளோரைடு விஷம், கையுறை வேண்டும். பிஎச், ஐசோஎலக்ட்ரிக் புள்ளியிலிருந்து (புரதத்தின் நிகர மின்னூட்டம் பூஜ்ஜியமாகும் பிஎச்) ஓர் அலகாவது தள்ளியிருக்கட்டும். நொதிக்குக் கால்சியம் தேவையென்றால் பாஸ்பேட் அதைப் பிடித்துப் படியவைக்கும். ஆக்டிவிட்டியை வேறு பஃபரில் பாருங்கள்.

கடைசி பஃபரில் 50 மில்லி எடுத்து வையுங்கள், அதுதான் பிளாங்க். பலர் அதை சிங்க்கில் கொட்டிவிட்டு அப்புறம் புதிதாகக் கலக்குகிறார்கள்.

கடலூர்–புதுச்சேரி பஸ் பயணத்துக்கு ஐஸ் போதும். உறையவைக்காதீர்கள்: சோடியம் பாஸ்பேட் உறையும்போது பிஎச் சரியும், புரதம் கெடும். அங்கே போனதும் குளிர் சென்ட்ரிஃபியூஜில் 15,000 ஜி, 10 நிமிடம். மேல்திரவத்தின் செறிவை மறுபடி அளந்து, 0.1–0.2 மில்லிகிராம்/மில்லிக்குக் கொண்டுவந்து, 1 மில்லிமீட்டர் குவெட்டில் 190 முதல் 260 வரை ஓட்டுங்கள். அதே குழாயில் மீந்ததைக் கடலூருக்குக் கொண்டுவந்து அன்றே ஆக்டிவிட்டி பாருங்கள். பள்ளங்கள் சரியாக வந்தும் ஆக்டிவிட்டி பாதியிலேயே நின்றால், அடுத்து ஜெல் ஃபில்ட்ரேஷன் (புரதங்களை அளவுவாரியாகப் பிரிப்பது); திரண்ட புரதம் முதல் உச்சியாக வெளியே வரும்.