துபாயில் இருக்கும் அப்பா

கேள்வி: குடித்துவிட்டுப் போட்ட சண்டையில் ஒருவர் இறந்துபோக, என் தம்பி தண்டனை பெற்று மதுரை மத்திய சிறையில் இருக்கிறான். அவன் மனைவி பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்விட்டாள். 12 வயதுப் பெண், 8 வயதுப் பையன் இருவரையும் நான்தான் வளர்க்கிறேன். காப்பித் தோட்டத்தில் வேலை. சிறையில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்காக கொடைக்கானலில் ஒரு சர்ச் உதவியோடு மே மாதம் 5 நாள் இலவச முகாம் நடக்கிறதாம். பெண் போக ஆசைப்படுகிறாள். மதம் மாற்றிவிடுவார்கள் என்கிறார் என் கணவர். பையனிடம் அப்பா துபாயில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறோம். அனுப்பலாமா? அக்கம்பக்கத்தில் கேட்டால் என்ன சொல்வது?
- பெயர் வேண்டாம், பண்ணைக்காடு

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அனுப்பலாம். ஆனால் அந்தத் துபாய்க் கதையை முடித்துவிட்டு அனுப்புங்கள்.

அங்கே வருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்பாவோ அம்மாவோ உள்ளே இருக்கிறார்கள். முதல் நாள் சாப்பாட்டு வரிசையிலேயே ஒருவன் "உங்கப்பா எந்த ஜெயில்?" என்று கேட்பான். எந்த ஸ்கூல் என்று கேட்பதுபோல் சாதாரணமாகத்தான் கேட்பான். அந்த இடத்தில், அத்தை பக்கத்தில் இல்லாதபோது, உங்கள் பையனுக்கு விஷயம் தெரியவரக் கூடாது.

உண்மையில் எனக்கு அவனைவிட அவன் அக்காவை நினைத்துத்தான் கவலை. சிறையிலிருந்து அப்பா போனில் பேசும்போதெல்லாம் தம்பிக்கு முன்னால் அவளும் துபாய் என்றே நடிக்க வேண்டியிருக்கும். "எங்கப்பா பிளேன்ல வருவார்" என்று அவன் கூட்டாளிகளிடம் சொன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். பெரியவர்கள் சொன்ன பொய்க்கு அவள் காவல் இருக்கிறாள். அவள் முகாமுக்குப் போக ஆசைப்படுவதற்கு ஏரியும் படகும் மட்டும் காரணம் இல்லை என்று நினைக்கிறேன். 5 நாளைக்கு எதையும் மறைக்காமல் இருக்கலாமே.

அடுத்த முறை சிறைக்கு மனு பார்க்க (மனு கொடுத்து நேரில் சந்திக்க) போகும்போது உங்கள் தம்பியிடம் இதைப் பேசுங்கள். மகனுக்கு நாலு வரி எழுதச் சொல்லுங்கள். கடிதத்தை அதிகாரிகள் படித்துவிட்டுத்தான் வெளியே விடுவார்கள், தாமதமாகலாம். அதனால் இப்போதே எழுதச் சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒரு லீவு நாளில், பகல் நேரத்தில், அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பையனிடம் சொல்லுங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு வேண்டவே வேண்டாம். அப்பா சண்டை போட்டார், அதில் ஒருவர் இறந்துபோனார், கோர்ட் தண்டனை கொடுத்திருக்கிறது: இவ்வளவுதான். இறந்துபோனதையும் சேர்த்தே சொல்லுங்கள். இல்லையென்றால் ஊரில் வேறு யாராவது வேறு மாதிரி சொல்வார்கள். குடிதான் காரணம் என்று தம்பிக்காக வாதாட வேண்டாம், திட்டவும் வேண்டாம்.

"ஏன் அத்தை பொய் சொன்னீங்க?" என்று கேட்பான். "நீ அழுவியேன்னு பயந்துட்டேன்" என்று சொன்னால் போதும். எப்போது வருவார் என்பதற்குத் தேதி சொல்லிவிடாதீர்கள். அப்பா அங்கே என்ன சாப்பிடுகிறார், எங்கே தூங்குகிறார் என்று கேட்டால், தம்பியிடமே கேட்டு வந்து சொல்லுங்கள். ஒருமுறை சொன்னதோடு முடியாது, அவன் நாள்கணக்கில் கேட்டுக்கொண்டே இருப்பான்.

உங்கள் கணவரின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். கொடைக்கானலே, 1845-ல் மதுரை மிஷனைச் சேர்ந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி வந்து வீடு கட்டிய ஊர். சர்ச் நடத்துகிற முகாமில் ஜெபமும் பாட்டும் இருக்கத்தான் செய்யும். மே மாதம் சர்ச்சுகள் பிள்ளைகளுக்கு நடத்தும் வி.பி.எஸ். என்ற விடுமுறை பைபிள் வகுப்புக்குப் போய்வந்த பிள்ளைகளைக் கேட்டாலே தெரியும். "அதெல்லாம் ஒன்றுமே கிடையாது" என்று முகாம் நடத்துகிறவர்கள் சத்தியம் செய்தால்தான் நான் சந்தேகப்படுவேன். ஜெபத்தில் உட்கார விரும்பாத பிள்ளை அந்த நேரத்தில் என்ன செய்யும் என்று நேராகக் கேளுங்கள்.

என் பயம் வேறு. கடைசி நாள் கூட்டத்தில் பிள்ளைகளை மேடையேற்றி, கடவுள் தங்கள் வாழ்க்கையில் என்ன செய்தார் என்று எல்லோர் முன்னாலும் 'சாட்சி' சொல்ல வைப்பார்களா? நன்கொடையாளர்களுக்குக் காட்ட முகம் தெரிகிற மாதிரி போட்டோ எடுப்பார்களா? இரண்டும் கூடாது என்று எழுதியே கொடுங்கள். பெண் பிள்ளைகள் தூங்கும் இடத்தில் பெண்கள் இருக்கிறார்களா, தினமும் மாலையில் பிள்ளைகள் உங்களோடு போனில் பேச முடியுமா என்பதையும் விசாரியுங்கள். நீங்களும் மலையில்தானே இருக்கிறீர்கள், பஸ் ஏறிப் போய் இடத்தைப் பார்த்துவிட்டே வந்துவிடலாம்.

அமெரிக்காவில் 'ஏஞ்சல் ட்ரீ' என்று ஒரு திட்டம் இருக்கிறது. 1982-ல் அலபாமாவில் மேரி கே பேர்ட் என்ற பெண் தொடங்கியது. அவரும் சிறையில் இருந்தவர். தர்மமாகக் கிடைத்த சோப்பையும் பற்பசையையும் தாங்கள் பயன்படுத்தாமல் சேர்த்து வைத்து, கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுத்த தாய்மார்களை அவர் உள்ளே பார்த்திருக்கிறார். அதனால் அந்தத் திட்டத்தில் சர்ச் வாங்கிக் கொடுக்கிற பரிசும் சிறையில் இருக்கும் அப்பா, அம்மா பெயரில்தான் பிள்ளையிடம் போகும். சிறைவாசிகளின் பிள்ளைகளுக்குக் கோடை முகாமும் அந்தத் திட்டத்தில் உண்டு. கொடைக்கானல் முகாமிலும் அப்பாவுக்குப் பிள்ளைகள் கடிதம் எழுத, படம் வரைந்து அனுப்ப ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் என் ஓட்டு அவர்களுக்குத்தான்.

விஷயம் தெரிந்த பிறகு பையன் போக மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். அக்காவை மட்டும் அனுப்புங்கள். தம்பிக்குத் துணையாக இருக்கட்டும் என்று அவளையும் நிறுத்திவிடாதீர்கள்.

அக்கம்பக்கத்தில் கேட்டால், லீவுக்குக் கொடைக்கானல் போயிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை.