நாம் பால்வெளிக்கு உள்ளேயே இருக்கிறோம். பிறகு அதன் சுருள் வடிவம் எப்படித் தெரிந்தது?

"அந்தப் படமெல்லாம் கிராஃபிக்ஸ்" என்று யாரோ உங்களைக் குழப்பியிருக்க வேண்டும். என் சித்தப்பாவும் அதையேதான் சொல்லுவார். பாதி சரிதான். பால்வெளியை வெளியே நின்று எடுத்த படம் ஒன்றுகூடக் கிடையாது, பார்ப்பதெல்லாம் வரைந்தவை. ஆனால் அளந்து வரைந்தவை. அந்தச் சுருள் கைகளில் ஒன்றை எங்கள் மொட்டை மாடியில் நானே பிடித்திருக்கிறேன்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியை நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள தூசி மறைத்துவிடும். 1785-ல் வானியலாளர் ஹெர்ஷல் நட்சத்திரங்களை எண்ணி வரைபடம் போட்டார், சூரியன் கிட்டத்தட்ட நடுவில் வந்துவிட்டது. உண்மையில் நாம் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறோம். தூசியைத் தாண்டி வருவது ஹைட்ரஜனின் 21 செ.மீ. ரேடியோ அலை. 1951-ல் ஹார்வர்டில் இயற்பியலாளர்கள் யூவனும் பர்செலும் அதை முதலில் பிடித்தது ஜன்னலுக்கு வெளியே நீட்டிய ஒரு பிளைவுட் கூம்பில். மாணவர்கள் அதற்குள் பனியுருண்டை எறிவார்களாம்.

அதைப் படித்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது. தெர்மாகோலில் அலுமினியத் தாள் ஒட்டிய கூம்பு, அடியில் தின்னர் டின், மெல்லிய சிக்னலைப் பெருக்க ஒரு எல்.என்.ஏ., அதை லேப்டாப்புக்குக் கொண்டுவர ஒரு யு.எஸ்.பி. ரேடியோ டாங்கிள். கார்த்திகை இரவில் வடக்கே காசியோப்பியா விண்மீன் கூட்டத்தின் பக்கம் திருப்பினேன். லேப்டாப்பில் 1420.4 மெகாஹெர்ட்ஸ் அருகே ஒரு மேடு, சுமார் 0.2 மெகாஹெர்ட்ஸ் மேலே தள்ளி இன்னொரு குட்டி மேடு. நம்மை நோக்கி வரும் வாயுவின் அதிர்வெண் கூடித் தெரியும். முதலாவது நம் அக்கம்பக்கத்து வாயு. மற்றது அதைவிட விநாடிக்கு 40 கி.மீ.க்கு மேல் வேகமாக நம்மை நோக்கி வருவது. அதுதான் பெர்சியஸ் என்ற சுருள் கை! இதையே எல்லாத் திசையிலும் செய்து, பால்வெளி சுழலும் வேகத்தை வைத்துத் தூரம் கணக்கிட்டு 1958-ல் வானியலாளர்கள் ஊர்ட், கெர், வெஸ்டர்ஹவுட் மூவரும் வரைபடம் வெளியிட்டார்கள்.

"கையா வந்த பிறகு இது பழைய கதை" என்று பின்னூட்டம் போட வருபவர்களே, கொஞ்சம் பொறுங்கள். கையா என்ற ஐரோப்பிய விண்வெளித் தொலைநோக்கி கிட்டத்தட்ட 200 கோடி நட்சத்திரங்களை அளந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதுவும் தூசிக்கு முன் திணறும். வேகத்தை மட்டும் நம்பினால் தூரம் பிசகும் என்பதும் தெரியும். அதனால்தான் விண்மீன் பிறக்கும் இடங்களின் மேசர்களை, அதாவது லேசர்போல் பலமாக ரேடியோ அலை வீசும் வாயுப் புள்ளிகளை, பூமி சூரியனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும்போது ரேடியோவில் பார்த்து, அவை இடம் மாறித் தெரிவதை அளக்கிறார்கள். பெர்சியஸ் கைக்கு 2006-ல் அப்படிக் கிடைத்தது சுமார் 6,400 ஒளியாண்டு. வேகக் கணக்கு சொன்னது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

என் கூம்பு இப்போது கட்டிலுக்கு அடியில். "கதிர்வீச்சு வருது, பிள்ளைங்க இருக்கிற இடம்" என்று குடியிருப்போர் சங்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அது வாங்குமே தவிர எதையும் அனுப்பாது என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். அதே மாடியில் செல்போன் டவருக்கு மாதாமாதம் வாடகை வாங்குகிறார்கள், அதைப் பற்றி மூச்சு இல்லை. மாடிச் சாவி கேட்டால், "தண்ணித் தொட்டி கழுவுற அன்னிக்கு வாங்க தம்பி" என்கிறார் செயலாளர். ரேடியோவுக்குப் பகலும் ஒன்றுதான். சித்திரையில் கழுவினால் காசியோப்பியா பகலில்தான் மேலே இருக்கும், எனக்கு அதுவே போதும்.