90460 கணக்கு: கூறுகளை ஊசிவாரியாக எண்ணுங்கள்

4 வயது அமெரிக்கக் குழந்தைக்கு ஒரே நாளில் போட்ட எம்எம்ஆர், வாரிசெல்லா (சின்னம்மை) தடுப்பூசிகள் இரண்டுக்கும், ஊசி போடும் வேலைக்கான அமெரிக்க பில்லிங் குறியீடுகளில் 90460 ஒன்று, 90461 மூன்று என்று பில் போட்டு, இன்சூரன்ஸுக்கு அனுப்பிய கிளெய்ம் திரும்பி வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பெங்களூரு மாரத்தஹள்ளியில் மெடிக்கல் பில்லிங் நைட் ஷிப்ட்டுக்குப் போன புதிதில் நானும் இதையேதான் செய்தேன். ஊசி தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கூறு; இந்தக் கூறுகளை எல்லா ஊசிக்கும் சேர்த்து மொத்தமாகக் கூட்டக் கூடாது. எம்எம்ஆரில் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா என மூன்று: முதலாவதற்கு 90460, மற்ற இரண்டுக்கு 90461. வாரிசெல்லா தனி ஊசி, அதற்கு இன்னொரு 90460. ஆக 90460 இரண்டு யூனிட், 90461 இரண்டு யூனிட். மருந்துக்கு எம்எம்ஆர் என்றால் 90707, வாரிசெல்லா என்றால் 90716; டயக்னோசிஸ் குறியீடு, தடுப்பூசிக்கான இசட்23. சரி, அப்புறம் குழந்தையின் மருத்துவப் பதிவான சார்ட்டைத் திறந்து பாருங்கள். டாக்டரோ நர்ஸ் பிராக்டிஷனரோ பெற்றோரிடம் தடுப்பூசி பற்றி விளக்கியதாகக் குறிப்பு இல்லையென்றால் 90460 நிற்காது; விளக்கம் இல்லாமல் ஊசி போட்டதற்கான 90471, 90472தான். அன்று என் கிளெய்முக்கான சார்ட்டில் அந்தக் குறிப்பு ஒரு வரிகூட இல்லை.