அண்ணை, எவ்வளவு சொல்லலாம்?

கோண்டாவில் வாசகர்: ரியூசன் சென்ரர்களுக்குக் கட்டணம் பதியும் மென்பொருள் ஒன்றைத் தனியாளாக ஆறு மாதமாகச் செய்கிறேன். எப்போது விற்கத் தொடங்கலாம்?

ஆறு மாதத்தில் எத்தனை சென்ரர்காரரோடு கதைத்தீர்கள் என்று எழுதவில்லையே! மாதத் தொடக்கத்தில் ஒரு சென்ரர் வாசலில் ஒரு மணித்தியாலம் நின்று பாருங்கள். காசு வாங்குபவர் ஒரு கையால் தாளை எண்ணி, மறுகையால் கொப்பியில் பெயர் தேடுவார். பின்னால் பிள்ளைகள் வரிசை. அந்த வரிசை குறைந்தால் போதும், மென்பொருளில் வரைபடம் காட்டுவதெல்லாம் பிறகு. காட்டிவிட்டு முற்பணம் கேளுங்கள். "நல்லாயிருக்கு தம்பி" என்பவர் வேறு, வாங்குபவர் வேறு.

சுன்னாகம் வாசகர்: மென்பொருளுக்கு ஒரே தரம் 40,000 ரூபா வாங்கவா, மாதாமாதம் வாங்கவா?

ஒரே தரம் வாங்கிக் கெட்டவன் நான். ஒரு புடவைக்கடைக்கு பில் போடும் மென்பொருளை 25,000 ரூபாவுக்குக் கொடுத்தேன். நாலு வருசம் இரவு ஒன்பது மணிக்கு அழைப்பு: "தம்பி, பில் வெறுந்தாளாய் வருது." போய்ப் பார்த்தால் பேப்பர் றோலைத் தலைகீழாய்ப் போட்டிருப்பார்கள். அந்தப் பெற்றோல் காசு எந்த விலையில் இருந்தது?

வருடக் கட்டணம் வையுங்கள். மாதாமாதம் காசுக்கு அலைவதும் ஒரு வேலைதான். எத்தனை மணித்தியாலம் உழைத்தீர்கள் என்று கணக்குப் போடாதீர்கள். கொப்பியில் தவறிப்போகும் கட்டணம் மாதம் எவ்வளவு என்று வாங்குபவரையே கேளுங்கள். அதில் ஒரு பங்குதான் உங்கள் விலை. வருடாவருடம் விலை மாறலாம் என்பதையும் எழுத்தில் போடுங்கள். 2022 மார்ச்சில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ஆனது. மென்பொருள் ஓடும் சேவர் கணினியின் வாடகை டொலரில், வரவு ரூபாவில் இருந்தவர்களுக்கு அந்த வருடம் நினைவிருக்கும்.

நல்லூர் வாசகி: வெளிநாட்டிலும் விற்க ஆசை. மாதம் 5 டொலர் சரியா?

இணையத்தில் அட்டைக் காசு வாங்கித்தரும் ஸ்ட்ரைப், இலங்கையில் பதிந்த வியாபாரத்துக்குக் கணக்குத் தருவதில்லை. பேடில் போன்ற இணைய விற்பனைச் சேவைகள் தாங்களே விற்பனையாளராக நின்று அந்தந்த நாட்டு வரியையும் கட்டும். பேடிலின் வழமையான கழிவு, ஒவ்வொரு விற்பனைக்கும் 5 வீதமும் 50 சதமும். 5 டொலரில் 75 சதம், அதாவது 15 வீதம் போய்விடும். வருடத்துக்கு 50 டொலர் என்றால் 3 டொலர்தான். வருடச் சந்தாவாகவே வையுங்கள்.

சாவகச்சேரி வாசகர்: தமிழில் பில் அடித்தால் குப்பையாய் வருகிறது.

மலிவான தேர்மல் பிரிண்டர்களுக்குள் தமிழ் எழுத்து இல்லை. பில்லைப் படமாக்கி அனுப்புங்கள். கடைக்காரரின் பழைய பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தால் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றவேண்டி வரும். அதற்கு வேறாகக் காசு எழுதுங்கள்.