திறமை இருந்தது, வாய்ப்புதான் இல்லை

கேள்வி: ஹாலிவுட்டின் பழைய ஸ்டூடியோ இயக்குநர்கள் எல்லோருமே ஆண்கள்தானே? பெண்களுக்குத் திறமை இருந்திருந்தால் யார் தடுத்திருக்கப் போகிறார்கள்?

பதில்: தடுத்தார்கள் என்பதுதான் வரலாறு. மௌனப்படக் காலத்தில் பெண்கள் பலர் அங்கே படம் இயக்கிக்கொண்டிருந்தார்கள். 1916இல் யூனிவர்சல் ஸ்டூடியோவின் முன்னணி இயக்குநர்களில் ஒருவர் லோயிஸ் வெபர் என்ற பெண்மணி. சினிமாவில் பெரும் பணம் புரளத் தொடங்கியதும் ஒவ்வொருவராக ஓரங்கட்டப்பட்டார்கள். 1930களில் பெரிய ஸ்டூடியோக்களில் தொடர்ந்து இயக்கிய ஒரே பெண் டாரதி ஆர்ஸ்னர்.

அவர் 1919இல், பின்னாளில் பாரமவுண்ட் ஆன நிறுவனத்தில் திரைக்கதைகளைத் தட்டச்சு செய்யும் வேலையில் சேர்ந்தவர். பிறகு படத்தொகுப்பாளர் ஆனார். 1922இல் மௌனப்பட நட்சத்திரம் வாலன்டினோ நடித்த 'பிளட் அண்ட் சேண்ட்' படத்தின் காளைச்சண்டையை, வேறெங்கோ எடுத்த பழைய காட்சிகளையும் வாலன்டினோவின் நெருக்கக் காட்சிகளையும் கோத்து உருவாக்கியவர் அவர்தான். இத்தனைக்குப் பிறகும் இயக்கும் வாய்ப்பு தானாக வரவில்லை. கொலம்பியா நிறுவனத்துக்குப் போய்விடுவேன் என்று கிளம்பி நின்ற பிறகே, 1927இல் முதல் படம் கைக்கு வந்தது.

1929இல் நடிகை கிளாரா போவின் முதல் பேசும்படத்தை இயக்கினார். ஒரே இடத்தில் வைத்த மைக்கை விட்டு நகர முடியாமல் நடிகை தவித்தபோது, அதைத் தூண்டில் கழியில் கட்டி அவர் தலைக்கு மேலே கொண்டுபோகச் செய்தார். நடிப்பவருக்காகக் கருவி வளைய வேண்டும் என்று நினைத்தவரைத் திறமையற்றவர் என்பீர்களா?

1940இல் வந்த 'டான்ஸ், கேர்ள், டான்ஸ்' படத்தை அவசியம் பாருங்கள். மலிவான கேளிக்கை மேடையில் ஊளையிடும் ஆண்கள் நடுவே ஆட வேண்டிய பாலே நடனப் பெண் அதன் நாயகி. ஒரு நாள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மேடையின் முன்பக்கம் வந்து, அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தை முகத்துக்கு நேராகவே கேட்டுவிடுகிறாள். திரையரங்கில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவனுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சூடு. அந்தக் காலத்து ஸ்டூடியோப் படம் ஒன்றில் இவ்வளவு துணிச்சலான காட்சி வேறொன்றை நான் பார்த்ததில்லை. படம் ஓடவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்துப் பெண்ணிய விமர்சகர்கள்தான் அதைத் தேடியெடுத்துக் கொண்டாடினார்கள்.

1943க்குப் பிறகு ஆர்ஸ்னர் திரைப்படம் இயக்கவில்லை. அவருக்கு அடுத்துப் பெயர் சொல்லும்படி வந்த ஐடா லுபினோவும், 1949இல் ஸ்டூடியோவை நம்பாமல் சொந்தத் தயாரிப்பில்தான் இயக்கத் தொடங்கினார். ஆர்ஸ்னர் பிற்காலத்தில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். அவரிடம் படித்த மாணவர்களில் ஒருவர், 'காட்ஃபாதர்' படத்தை இயக்கிய பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா.